பின்னால் கதவு இருக்கிறது என்றாய்

தம்பி,

நேற்று முற்பகல் திருவொற்றியூர் ரயில்வே கேட்டில் நான் வந்த ஆட்டோ நின்றது. ஏதோ சரக்கு ரயில் என்று நினைத்தேன். கண்ணுக்கு எதுவும் தெரியுமுன் வாசனை வந்துவிட்டது. டீசல், கிரீஸ், வெயிலில் வெந்த தார்ப்பாய். ஆவடியில் வேலை முடிந்து நேரே என் வீட்டுக்கு வரும் நாட்களில் நீ கொண்டுவந்த அதே வாசனை. "சோபாவில் உட்காராதே, முதலில் குளி" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். நீ போய் இரண்டு வருஷமாகிறது என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

ரயில் மெல்ல ஊர்ந்து வந்தது. பக்கச் சுவர் இல்லாத தட்டையான வண்டிகள். ஒவ்வொன்றின் மேலும் தார்ப்பாய் போர்த்திய ஒரு டாங்கி. கேட்டில் நின்ற கூட்டம் முழுக்க வேடிக்கை பார்த்தது. பக்கத்தில் மீன்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்த பெண் என் ஆட்டோக்காரரிடம் கேட்டாள்.

"இன்னா நைனா, சர்க்கஸ் யானையா? போர்வ போட்டுக் கூட்டினு போறாங்கோ?"

"யானையா? டாங்கி மே. மிலிட்டரி."

"யம்மாடி! இத்த ஓட்றவன் ஊட்டுப் பொம்பள குடுத்து வெச்சவ. எங்க ஊட்டு ஆளு கடலுக்குப் போயி வர்றதுக்குள்ள எனக்கு உசுரு போயி உசுரு வருது."

"கரீட்டு. உள்ள குந்திக்கினா மேல பாம் வுழுந்தாகூட ஒண்ணியும் ஆவாது. இரும்புக் கோட்டை."

இரும்புக் கோட்டை. அதே சொல்லைத்தான் நான் கோயில் வாசலிலும், பால் பூத்திலும், என் மகனைப் பற்றிக் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னைச் சொல்லவிட்டு, நீ பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தாய். அந்தப் பெண்ணைத் திருத்த வேண்டும்போல் இருந்தது. தப்பைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கும் பழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் வாய் திறக்கவில்லை. கேட் திறந்தது, வீட்டுக்கு வந்தேன், இதை எழுத உட்கார்ந்தேன்.

நாம் இருவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்து இங்கிலீஷில் செபம் சொன்னேன். நீ காசிமேட்டுப் பையன்களோடு திரிந்து அவர்கள் பாஷையில் வைதாய். பட்டாளத்துக்குப் போய் நாலு பாஷை கற்று வந்தபிறகும் அதை விடவில்லை. "தமிழைக் கொல்லாதேடா" என்றால், "நீ பேசுற தமிழு செத்துப்போயி பாடம் பண்ணி வெச்சதுதான்கா. எங்க தமிழு ஓடிக்கினு கீது" என்பாய். பீரங்கிக்குக் குண்டு ஏற்றும் வேலையில் உன் இடது காது செவிடானது. அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்வாய். "சண்டைல ஒரு காத அடகு வெச்சிட்டேன், அக்கா திட்றது பாதிதான் கேக்கும்." ஓய்வு பெற்று வந்து காலடிப்பேட்டையில் வீடு பார்த்துக்கொண்டு, ஆவடியில் புது டாங்கிகளை ஓட்டிப் பார்க்கும் குழுவில் சேர்ந்தாய். உன்னைவிட அந்த வண்டிகளைத் தெரிந்தவர் எவரும் இல்லை என்று நீயே பறைசாற்றுவாய். அடக்கம் என்ற குணம் நம் குடும்பத்தில் யாருக்கும் வாய்க்கவில்லை.

என் மகன் ராணுவ அதிகாரியாகி டாங்கிப் படையைத் தேர்ந்தெடுத்தபோது நீ தெருவுக்கே பிரியாணி போட்டாய். "மாமன் குண்டு ஏத்துனான், மருமவன் ஆர்டர் போடப்போறான்" என்று குதித்தாய். கணவரை இழந்தவள் ஒரே மகனைப் படைக்கு அனுப்பலாமா என்று கேட்ட உறவுக்காரர்களுக்கெல்லாம் நான் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். காலாட்படைக்காரன் சட்டையோடு நிற்கிறான், என் மகன் இரும்புக்குள் இருக்கிறான்.

பிறகு அந்த மார்கழி வந்தது. படைகள் எல்லைக்குப் போயின. என் மகனின் பிரிவும் போனது. பாலைவனத்தில் எங்கோ இருக்கிறான் என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. கிறிஸ்துமஸ் குடிலைக்கூட அரைமனதாகத்தான் ஜோடித்தேன். ஒருநாள் பகலில் டி.வி.யில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வேறு ஏதோ தேசத்தில், வேறு ஏதோ போரில் எடுத்த பழைய படத்தைக் காட்டினார்கள். ஒரு டாங்கி எரிந்து கிடந்தது. அதன் மேல்பாகம், பீரங்கியோடு சேர்ந்த அந்தப் பெரிய இரும்புத் தலை, வண்டியில் இல்லை. தள்ளித் தெருவின் எதிர்ப்பக்கத்தில் தலைகீழாகக் கிடந்தது, யாரோ தொப்பியைக் கழற்றி எறிந்ததுபோல.

அத்தனை டன் எடையுள்ள இரும்பைத் தூக்கி எறிந்தது எது? அது எறியப்படும்போது உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் எங்கே இருந்தார்கள்? உனக்குப் போன் செய்து, உடனே வா என்று மட்டும் சொன்னேன்.

நீ வந்தாய். சாப்பாட்டு மேசையில் உன்னை உட்காரவைத்து, எனக்கு உண்மை வேண்டும், வேடிக்கை வேண்டாம் என்றேன்.

"இன்னாக்கா, கோர்ட்டுக் கூண்டுல வெச்ச மாதிரி கேக்குறே? ஒரு டீயாவது குடு."

"பதில் சொல், தருகிறேன்."

அன்று நீ சொன்னதில் ஒரு வரிகூட எனக்கு மறக்கவில்லை. டாங்கி என்றால் மூன்று காரியம் என்றாய். அடிக்கணும், அடி தாங்கணும், ஓடணும். மூன்றும் ஒன்றுக்கொன்று பகையாளிகள். கவசத்தைக் கூட்டினால் கனம் ஏறும், கனம் ஏறினால் ஓட்டம் போகும், மணலில் புதையும். பெரிய பீரங்கி வைத்தால் உள்ளே ஆள் உட்கார இடம் போய்விடும். "எதுல எவ்ளோ வுட்டுக் குடுக்கறதுன்னு முடிவு பண்றதுதான்கா டிசைனு. மூணும் முழுசா வேணும்னு கேக்கறவன் டாங்கி செய்யமாட்டான், தேர் செய்வான்."

ஓடிக்கொண்டே எப்படிக் குறி பார்ப்பார்கள் என்று கேட்டேன்.

"காசிமேட்டுல மீன்கூடையத் தலைல வெச்சிக்கினு கைய வீசிப் போறாளே, பாத்துகிறியா? இடுப்பு ஆடுது, கழுத்து ஆடுது, கூடை ஆடுதா? அதேதான். வண்டி பள்ளத்துல வுழுந்து எழுந்து ஓடும். பீரங்கி மூக்கு மட்டும் பார்த்த எடத்த வுட்டு நவுராது. தூரத்த லேசரு அளந்து குடுக்கும். இருட்டுல ஆளோட ஒடம்புச் சூட்டையே பாக்குற கண்ணு வேற கீது."

கவசம் வெறும் இரும்பில்லை என்றும், இரும்புக்கு நடுவே பீங்கான் மாதிரி ஒன்றை அடுக்குகிறார்கள் என்றும் நீ சொன்னபோது நான் நம்பவில்லை.

"பீங்கானா? என் மகனுக்கும் குண்டுக்கும் நடுவில் பீங்கானா?"

"உன் ஷோகேஸ்ல கீற கப்பு சாஸர் இல்லக்கா. இது வேற சாதி. குண்டோட மூக்க ஒடைக்கத்தான் இது. சிலதுல வெளிய வெடிமருந்துக் கட்டியவே செங்கல்லு மாதிரி மாட்டி வெச்சிருப்பாங்கோ. வர்ற குண்டு பட்டா இது வெளிப்பக்கமா வெடிச்சி அத்தக் கெடுத்துடும்."

வெடியைச் சட்டையாக மாட்டிக்கொண்டு போகிற வண்டிக்குள் என் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அந்தத் தலை ஏன் கழன்று விழுந்தது?

நீ எழுந்துபோய் என் குக்கரை எடுத்து வந்தாய். மூடியிலிருந்த சின்னக் குமிழைக் காட்டினாய். "இது இன்னாத்துக்கு கீது?"

"சேஃப்டி வால்வு. அழுத்தம் மீறினால் அது உடைந்து ஆவி வெளியேறும். இல்லாவிட்டால் குக்கரே வெடிக்கும்."

"அப்போ வேணும்னே மூடில ஒரு எடத்த பலவீனமா வெச்சிகிறான். எது மொதல்ல ஒடையணும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டான், இல்ல? டாங்கிய வெளியேந்து வர்ற குண்டு கொல்றத விட, உள்ள கீற அதோட சொந்தக் குண்டுங்க பத்திக்கினு கொல்றதுதான் ஜாஸ்தி. புது வண்டில இன்னா பண்ணிட்டாங்கன்னா, குண்டுங்கள ஆளுங்களுக்குப் பின்னால தனி ரூம்ல பூட்டிட்டாங்க. நடுவுல இரும்புக் கதவு. ரூமோட கூரை மட்டும் லேசா. பத்திக்கினா கூரை பிச்சிக்கினு நெருப்பு வானத்துக்குப் போயிடும். கதவுக்கு இந்தாண்ட ஆளு உசுரோட கீறான்."

"டி.வி.யில் பார்த்தது?"

"அது வேற டிசைனு. அதுல குண்டெல்லாம் காலுக்குக் கீழ, வட்டமா. பத்திக்கினா நெருப்புக்கு வழி ஏது? தலையத் தூக்கி எறிஞ்சிடும்."

"என் மகனுடையது எது?"

நீ குக்கர் மூடியை உன் பக்கம் இழுத்து ரப்பர் வளையத்தைச் சரியாகப் பொருத்தினாய். பிறகு நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்துச் சொன்னாய்.

"உன் புள்ளையோடது புதுசுக்கா. நானே ஓட்டிப் பாத்த வண்டி. பின்னால கதவு கீது. இப்பவாச்சும் டீ குடு."

தந்தேன். பிஸ்கட்டும் தந்தேன். அன்றிலிருந்து நான் நிம்மதியாக இருந்தேன். செய்தியில் எல்லையைக் காட்டினால்கூடப் பார்த்துக்கொண்டே வெங்காயம் நறுக்குவேன். பின்னால் கதவு இருக்கிறது.

அதற்கப்புறம் நீ, ஆவடி வேலை போதும் என்று விட்டுவிட்டு, தினமும் காலையில் வர ஆரம்பித்தாய். கையில் ஏதாவது மீன் இருக்கும். சங்கரா, நெத்திலி, சில நாள் காத்திவாக்கத்து இறால். கூடத்தில் டெலிபோன் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவாய். போன் அடித்தால் நான் சமையலறையிலிருந்து வருவதற்குள் எடுத்து நல்ல காதில் வைத்துக்கொள்வாய். "இது யார் வீடு? போனை நான் எடுக்கக் கூடாதா?" என்று எத்தனை முறை சண்டை போட்டிருப்பேன். "ஒனக்கு வர்றதெல்லாம் கோயில் கமிட்டிக் கெழவிங்க போனுதான், இன்னா அவசரம்?" என்பாய். வாசலில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலும் நீதான் எழுந்து போவாய். ஓய்வு பெற்றவனுக்கு வேலை இல்லை, அக்கா வீட்டுச் சோறு ருசிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறு வருஷம் படைகள் திரும்பின. என் மகன் இளைத்துக் கறுத்து லீவில் வந்தான். நீ அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. கொஞ்ச காலத்தில் உன் இதயம் நின்றுவிட்டது. காசிமேட்டுக் கல்லறையில் மண் போடும்போது அவன் சீருடையில் நின்று சல்யூட் அடித்தான். நான் அழவில்லை, உனக்குப் பிடிக்காது என்று.

நீ போன அடுத்த தை மாதம் தீவுத்திடலில் ராணுவக் கண்காட்சி வைத்தார்கள். மகன் லீவில் இருந்தான். போகலாம் என்று நான்தான் சொன்னேன். ஒரு டாங்கியை நிறுத்தி, ஏற மரப்படி போட்டிருந்தார்கள்.

"உன் வண்டி இதுதானா?"

"இதே மாதிரிதாம்மா."

"ஏறிப் பார்க்கிறேன்."

"வேண்டாம்மா. உங்க முழங்கால்..."

"என் முழங்காலைப் பற்றி எனக்குத் தெரியும்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். பேரன் பேத்தியோடு வந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். மேலே நின்ற சிப்பாய், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன், என்னைக் கைத்தாங்கலாக வட்ட வாயிலுக்குள் இறக்கினான். "பாத்துங்கம்மா, தலை இடிக்கும்." கமாண்டர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். இது ஒரு வண்டியா, இரும்புச் சட்டையா? முழங்கையை நீட்ட இடமில்லை. முகத்துக்கு முன்னால் கண்ணாடிகள், பக்கத்தில் பீரங்கியின் பின்புறம் பசுவின் தலையளவு. என் மகன் கோடை முழுவதும் இதற்குள்ளா இருந்தான் என்று வியந்துகொண்டே, நீ சொன்னதைப் பார்ப்பதற்காகப் பின்னால் திரும்பினேன்.

சுவர்தான் இருந்தது. வெறும் இரும்புச் சுவர்.

"தம்பி, குண்டு வைக்கிற அறை எங்கே? கதவு?"

"கதவாம்மா? அந்த மாதிரி இந்த வண்டியில எதுவும் கெடையாது." அவன் பெருமையாகச் சொன்னான். "எல்லாம் உங்க காலுக்குக் கீழதான். ராட்டினம் மாதிரி சுத்தும். பட்டனை அமுக்கினா வேணுங்கிற குண்டு தானா மேல வந்து பீரங்கிக்குள்ள போயிரும். ஏத்துறதுக்குன்னு தனி ஆளே வேணாம். அதனாலதான் வண்டி இவ்வளவு குட்டையா இருக்கு, தூரத்துலேர்ந்து எதிரிக்குச் சட்டுனு தெரியாது."

என்னையறியாமல் இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டேன். தரையில் பாம்பைக் கண்டவள்போல. அவன் சிரித்தான்.

"காலிம்மா. கண்காட்சிக்குக் குண்டோடவா வருவோம்?"

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. கீழே நின்ற மகன் என் முகத்தைப் பார்த்ததுமே தலையைக் குனிந்துகொண்டான். ஒரு வேப்பமரத்தடிக்கு நடந்தோம். தண்ணீர் கொடுத்தான். நான் குடிக்கவில்லை.

"கதவு இருக்கிறது என்று மாமா சொன்னான்."

"தெரியும்மா."

"அப்படியென்றால் அன்று டி.வி.யில்..."

"அதே வகைதாம்மா. மாமா மறுநாளே யூனிட்டுக்குப் போன் பண்ணினார். எப்படி லைன் பிடிச்சார்னே தெரியலை. 'டேய், ஒங்கம்மாகிட்ட பின்னால கதவு கீதுன்னு சொல்லிகிறேன். நீயும் அதையே சொல்லு, மாத்திப் பேசினே மவனே, தோல உரிச்சிடுவேன்'னார்."

தம்பி, அந்த நேரத்தில் உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எந்தச் சொல்லில் எழுதுவது? என் மேசையில், என் குக்கரை வைத்துக்கொண்டு, நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் உண்மை சொன்னாய். பீங்கான் உண்மை. மீன்கூடை உண்மை. கூரை பறப்பதும் உண்மை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஒரே ஒரு பொய்யை நடுவில் வைத்தாய். டீச்சராக இருந்த காலத்தில் பிள்ளைகளின் கண்ணைப் பார்த்தே பொய்யைப் பிடிக்கிறவள் என்று பெயர் வாங்கிய எனக்குத் தெரியவில்லை.

கோபம் இறங்குவதற்குள் இன்னொன்று வந்து தாக்கியது. டெலிபோன் பக்கத்து நாற்காலி. தினமும் காலையில் மீன். சைக்கிள் மணிக்கு முதலில் எழுந்த கால்கள். செய்தி வந்தால் அது என் காதில் விழுமுன் உன் காதில் விழ வேண்டும் என்று மாதக்கணக்காகக் காவல் இருந்திருக்கிறாய். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் அந்தப் படத்தை நீ ஒருவனாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். உன் இதயம் எதனால் நின்றது என்று டாக்டர் சொன்ன காரணத்தை நான் இப்போது நம்புவதில்லை.

"அவ்வளவுதானா சொன்னான்?" என்று மகனிடம் கேட்டேன்.

"இல்லம்மா. அதுக்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்." அவன் உன் குரலிலேயே சொன்னான். "'காலுக்குக் கீழ வட்டத்துல கீற குண்டு தாழ்வாக் கீது, எதிரியால அத்த சுளுவாத் தொட முடியாது. ஆனா அது பத்தாதுன்னு மேல, ஒன்னச் சுத்தி, கெடைச்ச சந்துல எல்லாம் எக்ஸ்ட்ரா சொருகி வெப்பானுங்க பாரு, அதான் எமன். அதான் மொதல்ல பத்தும். நானும் அந்தக் காலத்துல சொருகினவன்தான், எல்லா டாங்கிக்காரனும் பண்ற தப்பு. குண்டு தீந்துடுமோன்னு பயம். ஒன் வண்டில ஒண்ணு கூட வெளிய இருக்கக் கூடாது. வட்டத்துல கீறது மட்டும் போதும்.'"

"நீ என்ன செய்தாய்?"

"எடுத்துட்டேன். என் கீழ இருந்த வண்டிகள்ல எல்லாத்துலயும். மேலதிகாரி கேட்டார், நடுவுல தீர்ந்துபோனா என்ன பண்ணுவேன்னு. திரும்பி வந்து ஏத்திக்கிறேன் சார், திரும்பி வர நான் இருப்பேன்னு சொன்னேன். முறைச்சார். அப்புறம் விட்டுட்டார்."

அப்போதுதான் தண்ணீரைக் குடித்தேன்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. உண்மையைத் தாங்கமாட்டேன் என்று என்னைப்பற்றி முடிவு செய்ய உனக்கு யார் உரிமை கொடுத்தது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே போய்விட்டாய். அங்கே வந்து கேட்பேன். நல்ல காதைத் தயாராக வைத்துக்கொள்.

மகன் இப்போது மறுபடியும் பாலைவனத்தில் இருக்கிறான். பதவி உயர்ந்திருக்கிறது, வண்டி அதே வகை. போரில்லை. ஆனால் எப்போது என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்? நீ சுமந்த பயம் இப்போது என்னிடம் இருக்கிறது. என்னைக் கேட்டால், அது என்னிடம்தான் முதலிலேயே வந்திருக்க வேண்டும். கனமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிடி தெரிந்து தூக்குகிறேன். எங்கே பத்தும், எது முதலில் பத்தும், எதை வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். அதையும் நீதான் சொல்லிவிட்டுப் போனாய், என்னிடம் இல்லாவிட்டாலும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் பூசை முடிந்து வந்ததும் அவன் போன் செய்வான். மற்ற அம்மாக்கள் என்ன கேட்பார்களோ தெரியாது. நான் முதலில் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்.

"வெளியே ஒன்றும் வைக்கவில்லையே?"

"இல்லம்மா. ஒண்ணுகூட இல்லை."

அதற்கப்புறம்தான், சாப்பிட்டாயா என்று கேட்கிறேன்.

உன் அக்கா